பவுடர் பலகைக்குப் பாயின்ட் பார்த்த நஞ்சுண்டன்

கலிஃபோர்னியாவில் டப்ளினிலிருந்து மில்பிடாஸுக்கு 680 ஹைவேயில் காலை நேரத்தில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று போனில் மேப் சொல்லும். பக்கத்து சீட்டில் நஞ்சுண்டன் உட்கார்ந்திருந்தால் அது ஒரு யுகம். காரில் இரண்டு பேர் இருந்தால் கார்பூல் லேனில் பறக்கலாம் என்ற பேராசையில் அவரை ஏற்றிக்கொண்டவன் நான்தான். ஆகவே யாரையும் நொந்து பயனில்லை.

நஞ்சுண்டனுக்குச் சொந்த ஊர் பல்லடம் பக்கம். எங்கள் கம்பெனியில் டெஸ்ட் லேபில் வேலை. ஒரு சர்க்யூட் போர்டு எந்தச் சூட்டில், எந்தக் குலுக்கலில், எத்தனை நாளில் செத்துப்போகும் என்று கண்டுபிடிப்பதற்குக் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்தார். இங்கே வந்த புதிதில் வெட் கிரைண்டர் வாங்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூர்க்காரர், கிரைண்டர் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர், அரை மணியில் முடித்திருக்கலாம். ஒரு வருஷம் ஆராய்ந்தார். அந்த ஒரு வருஷமும் அவர் மனைவி சாந்தாமணி எங்கள் வீட்டுக்கு வந்து மாவு வாங்கிப்போனார்.

ஆராய்ச்சி போக, அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. எது வாங்கினாலும் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு ஆக வேண்டும். ஒரு தடவை ரெயின்கோட் வாங்கினார். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒன்று. அவருக்கு அது முழங்கால் வரை வந்தது, சாந்தாமணிக்குக் கணுக்கால் வரை. மழை நாளில் யார் நனைவது என்று பேசி முடிவு செய்துகொண்டார்கள். அந்த வீட்டில் இதெல்லாம் சிக்கனம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள், புத்தி என்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் காலில் பலகை மாட்டிப் பனிமலையில் சறுக்குவார், அதாவது ஸ்கீ பண்ணுவார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரே மகள் வான்மதி. ஏழு வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் டாஹோ பக்கம் பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள். பெண் குழந்தையைத் தனியாக அனுப்புவதா என்று இவரும் கூடவே போனார். அங்கே நாலு வயதுக் குழந்தைகளின் வகுப்பில், நாற்பதை நெருங்கிய நஞ்சுண்டனையும் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைகள் விழுந்து எழுந்து போய்விட்டார்கள். இவர் விழுந்த இடத்தில் கிடந்து, ஏன் விழுந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பத்து வருஷத்தில் அப்பாவும் மகளும் ஸ்கீ பண்ணிய விதம் இதுதான். கம்பியில் தொங்கி மலையேறும் நாற்காலி லிஃப்டில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து மேலே போவார்கள். உச்சியில் இறங்கியதும் வான்மதி இடது பக்கம் திரும்பி, மரங்களுக்கு நடுவே, யாரும் மிதிக்காத புதுப்பனிக்குள் போய்விடுவாள். கோதுமை மாவைச் சலித்துக் கொட்டின மாதிரி இருக்கும் அந்தப் பனிக்குத்தான் பவுடர் என்று பெயர். நஞ்சுண்டன் வலது பக்கம் திரும்பி, மெஷின் ஓட்டிச் சமமாக்கிய பாதையில் மாட்டுவண்டி வேகத்தில் இறங்கி வந்து, கீழே காத்திருப்பார். சாப்பிடும்போது மட்டும் சேர்ந்து இருப்பார்கள். அதற்கு சாந்தாமணி ஹாட்பேக்கில் தக்காளி சாதம் கொடுத்து அனுப்புவார். அவர் பனியைப் படத்தில் பார்த்தாலே சளி பிடிக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொள்வார்.

போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வான்மதி அப்பாவிடம் ஒன்று கேட்டாள். அடுத்த ஆகஸ்டில் அவள் காலேஜுக்குப் போகிறாள், அதுவும் டெக்சஸுக்கு. அங்கே பனிமலையும் கிடையாது, அப்பாவும் கிடையாது.

"அப்பா, இந்த வின்டர் ஒரு பவுடர் டே. ஒன்லி ஒன். யூ அண்ட் மீ, இன் த ட்ரீஸ். ப்ளீஸ்."

நஞ்சுண்டன் கையில் இருந்த ஜிலேபியைத் தட்டில் வைத்தார். கண் கலங்கியதை நான் பார்த்தேன். "செரி அம்மிணி," என்றார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "ஆனா பவுடருக்கு அகலமான ஸ்கீ வேணுமே. நம்ம வாடகை ஸ்கீ முங்கிருமே. நான் பாக்கறேன்," என்றார்.

'நான் பார்க்கிறேன்' என்று அவர் சொன்னால், என்ன ஆகும் என்று சாந்தாமணிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. மறுநாள் காலை 680-இல் தெரிந்துகொண்டேன்.

அகலமான ஸ்கீ எது என்று அவர் வியக்கத்தக்க வேகத்தில் முடிவு செய்துவிட்டார், மூன்றே வாரம். பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஸ்கீ வாங்கினால் அது வெறும் பலகைதானாம். பூட்ஸைப் பலகையோடு கவ்விப்பிடிக்கிற பைண்டிங்கைத் தனியாக வாங்கி, பலகையில் துளை போட்டுத் திருக வேண்டுமாம். அந்தத் துளையை எங்கே போடுவது? பூட்ஸின் நடுக்கோடு பலகையின் எந்தக் கோட்டில் வந்து உட்கார வேண்டும்? கம்பெனிக்காரனே ஒரு கோடு போட்டுத்தான் தருகிறான். கம்பெனிக்காரன் போட்ட கோட்டை நம்புகிறவரா நம்மாள்?

"ரெண்டு சென்டிமீட்டர் முன்னால போட்டா சுலபமா திரும்புமுங்க. ஆனா மூக்கு பனியில குத்தும். பின்னால போட்டா மூக்கு மெதக்கும், ஆனா திரும்பறதுக்குள்ள மரம் வந்துருமுங்க."

"கோட்டுமேலயே போட்டா?"

"அதத்தானுங்க எல்லாரும் பண்றாங்க," என்றார், எல்லாரும் பண்ணுவது ஏதோ வியாதி மாதிரி.

அமெரிக்கர்கள் கூடிப் பேசும் ஸ்கீ ஃபோரம் ஒன்றில் சேர்ந்து, தன் உயரம், எடை, கால் நீளம் எல்லாவற்றையும் ஜாதகம் மாதிரி எழுதிக் கேட்டார். கோட்டிலேயே போடு, போய் ஸ்கீ பண்ணு என்று பத்துப் பேர் பதில் போட்டார்கள். இவருக்கு அது பதிலாகவே படவில்லை. டப்ளின் கொங்கு நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார். அங்கே பனியைத் தொட்டவர்களே நாலைந்து பேர்தான், அதனால் அத்தனை பேரும் கருத்துச் சொன்னார்கள். பின்னால் போடு என்று ஒருவர். காரில்கூட எஞ்சின் முன்னால்தானே இருக்கிறது என்று இன்னொருவர். சேனாபதி என்று ஃப்ரீமாண்டில் ஒரு பெரியவர், துளை போடுவதற்கு முன் நாள் பார்த்தாயா என்று கேட்டார். அதற்கு நூறு லைக்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் கேலியே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர்கள் பக்கம் துளை போடுவது என்றால் போர்வெல். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வயக்காட்டில் நடந்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாயின்ட் பார்ப்பார்கள். பாயின்ட் தப்பினால் ஆயிரம் அடிக்குப் புழுதிதான் வரும். நஞ்சுண்டனின் அப்பா போட்ட போர்வெல்கள் வரிசையாகப் பொய்த்தன. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய், ஒரு துளைதானே, எங்கேயாவது போடுங்கள் என்று சொன்னால் எப்படி?

நவம்பர் போயிற்று. முதல் பனி விழுந்தது. வான்மதி போனில் மலையின் கேமராவைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். "இன்னும் பைண்டிங் டிசைட் பண்ணல கண்ணு," என்றார். கிறிஸ்மஸுக்கு ஒரு பெரிய புயல் வந்து டாஹோவையே மூடியது. அவள் சிநேகிதிகள் போனார்கள். இவள் போகவில்லை, அப்பாவோடுதான் போவேன் என்று வீட்டில் இருந்தாள். அப்பா மாடியில், கீழே விழுந்தால் எந்த பைண்டிங் காலை எவ்வளவு சீக்கிரம் விடும் என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சரியான நேரத்தில் விடாவிட்டால் முட்டி போய்விடுமாம். விட வேண்டாத நேரத்தில் விட்டால் பல் போய்விடுமாம். முட்டியா பல்லா என்று இரண்டு வாரம் என் காரில் பட்டிமன்றம் நடந்தது. நடுவர் நான். நான் பல்லின் பக்கம் தீர்ப்புச் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, காரில் ஏறும்போதே அவர் முகம் ஜொலித்தது.

"முடிச்சாச்சுங்க முகுந்த். நகர்ற பைண்டிங்."

ஸ்கீ வாடகைக்கு விடுகிற கடைகளில் ஒரு வகை பைண்டிங் உண்டாம். தண்டவாளம் மாதிரி ஒன்றின் மேல் முன்னும் பின்னும் நகரும். யார் பூட்ஸ் வந்தாலும் நகர்த்தி மாட்டிவிடலாம். கோட்டையும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். வாழ்நாளில் எந்த முடிவையும் முடிவாக எடுக்காதவருக்காகவே எவனோ ஒரு புண்ணியவான் செய்த சாமான்.

"அதுல இன்னொரு வசதி பாருங்க. என்ற பூட்ஸும் மாட்டலாம், பாப்பா பூட்ஸும் மாட்டலாம். வருசத்துக்கு நாலு நாளு பவுடரு. அதுக்கு எதுக்குங்க ஆளுக்கொரு ஜோடி? ஒரே ஜோடி, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி."

"பிரமாதம்," என்றேன். இனி இந்தப் பேச்சு முடிந்தது என்ற நிம்மதி எனக்கு. வீட்டில் சாந்தாமணியும் பிரமாதம் என்றாராம். வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் மழை. இந்த வருஷம் சீசன் வாடகைக்கு ஸ்கீ எடுப்பதையும் அவர் நிறுத்திவிட்டார், அதுதான் புதுசு வருகிறதே. வான்மதியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு சர்ப்ரைஸ்.

துளை போடக் கடைக்குப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தண்டவாளத்துக்கும் துளை போட்டுத்தானே ஆக வேண்டும். மகளுக்கு எங்கே இருந்தால் நல்லது என்று ஒரு சிவப்பு டேப், தனக்கு எங்கே நல்லது என்று ஒரு நீல டேப், பலகையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கழுத்தில் பச்சை குத்திய பெண் ஒருத்தி டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, எதில் போட வேண்டும் என்று கேட்டாள். ரெண்டுக்கும் நட்டநடுவில் என்றார். யாருக்காக என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் என்றார். "கூல்," என்றாள். கலிஃபோர்னியாவில் வீடு தீப்பிடித்தாலும் அதே பதில்தான். டிரில் உறுமியபோது நஞ்சுண்டன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிப்ரவரி நடுவில் அந்தப் புயல் வந்தது. சீசனின் கடைசிப் பெரிய பனி இதுவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். மார்ச்சிலிருந்து வான்மதிக்குப் பரீட்சைகளும் வரிசையாக இருந்தன. இந்த நாளை விட்டால் அவ்வளவுதான். நான்கு சக்கரமும் இழுக்கிற கார் என்னிடம் இருந்த பாவத்துக்கு, டிரைவராக நானும் போனேன். இருட்டில் கிளம்பி, சாக்ரமெண்டோ தாண்டி, பனி ஏறிய 80 ஹைவேயில் ஊர்ந்து, விடிந்து சற்று நேரத்தில் மலையடிவாரப் பார்க்கிங்கில் போய் நின்றோம். பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. கார்களெல்லாம் அடையாளம் தெரியாமல் வெள்ளை மேடுகளாகக் கிடந்தன. லிஃப்ட் வாசலில் அதற்குள் கூட்டம். சனங்கள் தரிசனத்துக்கு நிற்கிற முகத்தோடு நின்றார்கள்.

வான்மதி ஹெல்மெட்டெல்லாம் மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டன் கார் மேலிருந்த பெட்டியைத் திறந்து, போர்வையில் சுற்றிய ஸ்கீயைக் குழந்தையைத் தூக்குவது போல் எடுத்தார். மஞ்சள் நிறம், பெரிய அகலம். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவிப்பார்த்தாள்.

"திஸ் இஸ் ஸோ நைஸ், அப்பா." பிறகு எட்டி, பெட்டிக்குள் பார்த்தாள். "வேர் ஈஸ் யுவர்ஸ்?"

"இதுதான் அம்மிணி. இதேதான்," என்று அவர் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு. இந்த லீவரைத் தூக்கி இப்படி நகத்துனா உன்ற சைஸு. இப்படித் தள்ளுனா என்ற சைஸு. பத்தே செகண்டு."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு தடவை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். க்ளிக் க்ளிக் என்று அழகாகத்தான் நகர்ந்தது.

"நான் மேல இருக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் கீழ நிக்கறேன் சாமி. நீ ரெண்டு ரவுண்டு போயிட்டு வா. அப்பறம் நீ நில்லு, நான் போறேன்."

"ஸோ வி நெவர் கோ டுகெதர்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. டெஸ்ட் ரிசல்ட் வாசிக்கிற குரலில் சொன்னாள்.

நஞ்சுண்டனின் கை லீவரிலேயே இருந்தது. லேபில் ஒரு போர்டு புகைந்து கருகினால் அவர் சந்தோஷப்படுவார், எதனால் கருகியது என்று தெரிந்துவிட்டதே என்று. அந்த முகம் இது இல்லை. அந்தப் பெண் ஸ்கீ கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டாள். இவர் வருஷா வருஷம் அடிவாரத்தில் காத்திருந்த வேலையையே, இன்னும் சிறப்பாகச் செய்ய சாமான் வாங்கி வந்திருந்தார். ஊரே கூடித் தேரை ஜோடித்தோம், சாமியை ஏற்ற வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. கார் கண்ணாடியில் இல்லாத பனியைத் துடைத்தேன்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "வாடகைக்கு ஏதாச்சும் கிடைக்குமான்னு பாக்கறேன். நீ இதப் போட்டுட்டு மேல போ கண்ணு. பனி போயிரும்."

"ஐ நோ," என்றாள் வான்மதி. ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

வாடகைக் கடையின் வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. புயல் நாளில் எங்கள் பே ஏரியா ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். எதிரே லிஃப்ட் திறந்தது. முதல் ஆட்கள் மேலே போவதும், கொஞ்ச நேரத்தில் அந்த மாவுப்பனிக்குள் கத்திக்கொண்டு இறங்குவதும் வரிசையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொருவர் இறங்கும்போதும் அந்த வெள்ளையில் ஒரு கோடு விழுந்தது. காலேஜுக்குப் போவதற்கு முன் அவள் கேட்ட ஒரே நாள், எங்கள் கண்ணெதிரே கோடு கோடாகத் தீர்ந்துகொண்டிருந்தது. நஞ்சுண்டன் திரும்பத் திரும்பச் சொன்னார். "நீ போ அம்மிணி. எனக்காவ நிக்காத." அவள் போகவில்லை. அவர் கெஞ்சிய பிறகும் போகவில்லை. அவர் தோளில் சேர்ந்த பனியை மட்டும் அவ்வப்போது தட்டிவிட்டாள்.

கவுன்டரை அடைந்தபோது பாதிக் காலை போய்விட்டது. அகலமான ஸ்கீ எல்லாம் முன்னமே தீர்ந்திருந்தன. மிச்சமிருந்த ஒரு ஜோடியைக் கவுன்டரில் இருந்தவன் எடுத்துப் போட்டான். கீறல் விழுந்து, முனை நைந்து, நூறு பேர் விழுந்து எழுந்த பலகை. அவர் சைஸுக்கு அது இரண்டு சைஸ் குட்டை. பைண்டிங் எந்த யுகத்தில், எவன், எந்தக் கோட்டில் திருகியதோ. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நஞ்சுண்டனைப் பார்த்தேன். இனி இங்கேயே கூடாரம் அடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் ஸ்கீயை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே நடந்தார்.

இரண்டு பேரும் லிஃப்டில் ஏறிப் போனார்கள். நான் காபி வாங்கிக்கொண்டு கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று தக்காளி சாதத்தைத் திறந்து வைத்தேன். வரவில்லை. ஆறிப்போனது. நானே சாப்பிட்டேன், அவர்கள் பங்கையும் சேர்த்து. லிஃப்ட் மூடுகிற நேரத்துக்கு வந்தார்கள். நஞ்சுண்டனுக்குக் காதுக்குள், சட்டைக் காலருக்குள், மீசையில், எங்கும் பனி. ஒரு கண்ணின் மேல் கிளை கீறிய ரத்தக் கோடு. வான்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் வந்தாள்.

திரும்பும் வழியில் 80 ஸ்தம்பித்துக் கிடந்தது. வான்மதி பின்சீட்டில் ஈரக் காலுறையோடு தூங்கிப்போனாள். நஞ்சுண்டன் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் என் காதைத் தின்றவரை ஒரு குத்தாவது குத்தாமல் விடுவதா?

"என்ன நஞ்சுண்டன், அந்த வாடகை ஸ்கீல கோடு எங்க இருந்துது? முன்னாலயா, பின்னாலயா?"

"பாக்கலீங்க," என்றார்.

நான் நம்பாமல் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி முன்னால போயிட்டே, நான் வாரனான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருந்தாளுங்க. நான் அவ மொகத்தப் பாத்துட்டே எறங்கிட்டனுங்க."